பொத்தானை அமுக்கியும் ஓடாத கொம்பியூட்டர்: நெளுக்குளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் முதன்முதலாகப் பூட்டிய கொம்பியூட்டர் ஓடாவிட்டால், வீட்டார் அதன் பாகங்களை விலையின் இறங்குவரிசையில் சந்தேகிக்கின்றனர். குற்றமோ பெரும்பாலும் ஏறுவரிசையில் கிடக்கின்றது. இவ்விரு வரிசைகளும் எங்கே சந்திக்கின்றன, அதுவரை எத்தனை பேர் இடையில் வந்து போகின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக் களம்

வவுனியா நகரின் அயலூரான நெளுக்குளம் காரணத்தோடுதான் தெரிவு செய்யப்பட்டது. அதற்கு அருகே பம்பைமடுவில் 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. அங்கு தொழினுட்பக் கற்கைகளுக்குப் பீடமே இருந்தும் ‘ஓடாமையியல்’ என்றொரு துறை இன்னும் தொடங்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தை ஊர்ச்சனம் சம்பளமின்றி நிரப்பி வருகின்றது.

ஏ.எல். சோதனை எழுதி முடித்த பெடியன் ஒருவன் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் சாமான் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, யூரியூப்பைப் பார்த்துப் பூட்டுகிறான். பொத்தானை அமுக்குகிறான். காற்றாடி சுற்றவில்லை, லைற் எரியவில்லை. ஆய்வுக்குழு தானாகக் கூடிவிடுகிறது.

கருத்துப் பிரிவுகள்

முதலாவது, பொருளாதாரப் பிரிவு. இதன் தலைவர் தகப்பனார். “கடைக்காரன் பழசை உன்ர தலையில கட்டிப்போட்டான்” என்பது இப்பிரிவின் அடிப்படைக் கோட்பாடு. சான்றாகக் காட்டப்படுவது பில் மட்டுமே. அதில் அதிக விலை எதுவோ அதுவே குற்றவாளி. ஆகவே புரொசசரும் மதர்போட்டும் விசாரணையின்றியே தண்டிக்கப்படுகின்றன.

இரண்டாவது, புலம்பெயர் பிரிவு. ரொறன்ரோவில் இருக்கும் மாமா வட்ஸ்அப்பில் வருகிறார். “தம்பி, கமராவை உள்ளுக்குப் பிடி” என்கிறார். அவருக்குத் தெரிவது பெடியனின் பெருவிரல். கனடாவில் 120 வோல்ற், இலங்கையில் 230 வோல்ற். ஆகவே பவர் சப்ளை எரிந்துவிட்டது என்று தீர்ப்பளிக்கிறார். இப்போதைய பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ற் வரை எதையும் ஏற்கும் என்ற உண்மை அவரது தீர்ப்பைச் சற்றும் அசைப்பதில்லை.

மூன்றாவது, செய்முறைப் பிரிவு. வயரிங் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணை ரெஸ்ரருடன் வருகிறார். சுவர்ப் பிளக்கில் குத்துகிறார், எரிகிறது. பெட்டிக்குள் குத்துகிறார், எரியவில்லை. “உள்ளுக்கு ஒண்டும் இல்லை, செத்துப்போச்சு” என்கிறார். கொம்பியூட்டருக்குள் ஓடுவது 12, 5, 3.3 வோல்ற் நேர்மின்னோட்டம். அதற்கு அந்த ரெஸ்ரர் ஒருபோதும் எரியாது. அதை அளக்க மீற்றர் வேண்டும். நல்ல நிலையில் ஓடும் கொம்பியூட்டரையும் இதே முறையில் இறந்ததாக நிரூபிக்கலாம்.

நான்காவது, மூத்தோர் பிரிவு. போர்க்காலத்தில் வன்னிக்கு மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை இது. அம்மம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்கிறார்: “உதுக்குக் கரண்ட் போகுதோ மோனை?” குழு சிரிக்கிறது. ஆய்வாளர் குறிப்பெடுத்துக்கொள்கிறார்.

பொத்தானின் அதிகார எல்லை

1995இல் இன்ரெல் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். அமைப்புக்கு முந்திய கொம்பியூட்டர்களில் முன்சுவிட்சே மின்சாரத்தைத் திறந்து மூடியது. இன்றைய பொத்தானுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அது கிராம சேவகரிடம் கொடுக்கும் விண்ணப்பம். மதர்போட் என்ற கிராம சேவகர் சிபாரிசு செய்தால்தான் பவர் சப்ளை என்ற பிரதேச செயலகம் கையெழுத்து வைக்கும். பொத்தான் செய்வதெல்லாம் மதர்போட்டின் ஓரத்தில் நிற்கும் இரண்டு முள்ளுகளை ஒரு கணம் இணைப்பதுதான். உடனே மதர்போட், வழக்கமாகப் பச்சை நிறத்தில் வரும் வயரைப் பூச்சிய வோல்ற்றுக்கு இழுக்கும். பவர் சப்ளை விழிக்கும். மதர்போட்டுக்கு அதற்கான தெம்பைத் தருவது, பிளக் போட்ட நேரம் முதல் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் 5 வோல்ற் காத்திருப்பு மின். அது வராவிட்டால் விண்ணப்பத்தை வாங்கவே ஆளில்லை.

ஓடாமையின் வகைகள்

முழு மௌனம்: பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்ச் வட்டக் குறியில் நிற்கிறது. கோடு என்றால் ‘ஓன்’, வட்டம் என்றால் ‘ஓஃப்’. வட்டத்தை ‘ஓன்’ என்று வாசிப்போர் உண்டு. அல்லது சதுர முள்ளுப் பிளக் அடப்ரரில் தளர்ந்து தொங்குகிறது. அல்லது 24 முள்ளு வயர் ‘கிளிக்’ என்று பூட்டுப்படவில்லை. அல்லது பொத்தான் வயர் பக்கத்து முள்ளில் மாறிக் குத்தப்பட்டிருக்கிறது.

ஒருகண விழிப்பு: காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நிற்கிறது. எங்கோ சோர்ட். மதர்போட்டில் ஓட்டையில்லாத இடத்தில் முளைத்து, அதன் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும் பித்தளைத் தாங்கியை முதலில் தேடுக.

ஓடியும் ஓடாமை: எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. ராம் முழுதாக இறங்கவில்லை, அல்லது புரொசசருக்கான தனி 8 முள்ளு வயர் மறந்துபோயிற்று, அல்லது கிராபிக்ஸ் காட் இருக்க மொனிற்றர் வயரை மதர்போட்டில் குத்தியாயிற்று.

நெளுக்குளம் விதி

மேற்கண்டவற்றுள் காசு கொடுத்து மாற்றவேண்டிய குற்றவாளி ஒன்றுகூட இல்லை. சுவிட்ச், முள்ளு, தாங்கி, பாதி இறங்கிய வயர். இதிலிருந்து பெறப்படும் விதி: ஒரு பாகம் குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு அதன் விலைக்கு நேர்மாறு விகிதசமன்.

இவ்விதி தேசிய அளவிலும் செல்லும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று தொட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் கூறினார். அந்தக் கட்டமைப்பில் விலை மதிக்கப்படாத ஒரே உறுப்பினர் அந்தக் குரங்குதான்.

பரிந்துரைகள்

1. சுவர்ச் சுவிட்சில் தொடங்கி, பின்பக்கச் சுவிட்சுக்கு வந்து, பிறகே உள்ளே போகவும். உள்ளே கைவைக்கும்போது பிளக் கழற்றியிருக்க வேண்டும்.

2. பிறகு பொத்தான் வயரைக் கழற்றிவிட்டு, பிளக்கைப் போட்டு, அந்த இரண்டு முள்ளுகளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொடவும். ஓடினால் பொத்தானிலோ அதன் வயரிலோ பிழை.

3. ஓடாவிட்டால் பிளக்கைக் கழற்றி, மதர்போட்டை வெளியே எடுத்துக் காட்போட் மட்டையில் வைத்து, பவர் சப்ளை, புரொசசர், அதன் காற்றாடி, ஒரு ராம் மட்டும் பூட்டிப் பார்க்கவும். ஓடினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். எதைச் சேர்க்க நிற்கிறதோ அங்கே பிழை.

4. பவர் சப்ளையை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். இத்தடை அண்ணையின் ரெஸ்ரருக்கும் பொருந்தும்.

5. கொம்பியூட்டர் ஓடத் தொடங்கியதும் நான்கு பிரிவினரும் ஒரே குரலில் “நான் அப்பவே சொன்னனான்” என்பர். அவர்களுள் மூவரின் கூற்றுக்குச் சான்று கிடைக்கவில்லை.