ஆபத்துக்கு அரை ஏக்கர்

சென்னைக்கு ஆபத்து வருகிறது என்று வானிலை ஆய்வு மையம் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மனைத் தரகர் சொன்னால் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். "வெள்ளம் வரும், புயல் வரும், மறுபடியும் கொரோனா மாதிரி ஒண்ணு வரும் சார். அப்ப குடும்பத்த எங்க கூட்டிட்டுப் போவீங்க?" இந்த ஒரு கேள்வியை வைத்தே அரக்கோணத்தைச் சுற்றி, திருத்தணிச் சாலையிலும் தக்கோலம் பக்கமும், பண்ணை மனைகளை வேலி போட்டு விற்றுத் தள்ளுகிறார்கள். மின்சார ரயில் இருக்கிறது, நிலத்தடி நீர் இருக்கிறது, கண்ணுக்கெட்டிய தூரத்தில் மலை மேல் முருகன் இருக்கிறான். இதற்கு மேல் என்ன காப்பீடு வேண்டும்? வேர்க்கடலை போட்ட நிலத்தில் இப்போது பயம்தான் விளைகிறது. மகசூலும் நன்றாக இருக்கிறது.

அப்படிப்பட்ட ஆபத்துக்கால மாளிகை ஒன்றை உள்ளே போய்ப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். ஒன்று வற்றினால் இன்னொன்று. பக்கத்துக் கழனிக்காரரின் கிணறு வற்றினால் அது அவருடைய சொந்த ஆபத்து, அதற்கு அவர் வேறெங்காவது மனை வாங்கிக்கொள்ளட்டும். கூரை மேல் சோலார் தகடுகள், அவை தூங்கினால் இன்வர்ட்டர், அதுவும் படுத்தால் ஜெனரேட்டர். சரக்கறையில் பொன்னி அரிசிச் சிப்பங்கள், 2021 மே மாதத்தின் நினைவாக ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர். நாய்க்கு ஏ.சி. போட்ட அறை. காவலுக்கிருக்கும் புருஷன் பெண்சாதிக்கு கேட்டை ஒட்டி சிமென்ட் ஷீட் வேய்ந்த அறை, ஷீட்டின் விரிசலில் தார் பூசியிருந்தது, தாருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. முதலாளியின் ஆபத்துத் திட்டத்தில் அந்த வாளிக்கு இடமில்லை. அவர்கள் ஆபத்தில் சிக்கக்கூடியவர்கள் அல்லர், ஆபத்தில் உதவக்கூடியவர்கள். அந்தக் கணக்கு வேறு.

மதில் சுவர் ஆளுயரத்தைத் தாண்டி நின்றது. ஓர் இடத்தில் மட்டும் அடியில் ஈரம். விசாரித்தேன். "ஏரிக்குத் தண்ணி போற கால்வா சார் இது. கட்டறப்பவே மேஸ்திரிகிட்ட சொன்னேன். பிளான்ல கால்வாயே இல்லன்ட்டாரு" என்றார் காவல்காரர். பிளானில் இல்லை என்பதைத் தண்ணீருக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்கள், வேளச்சேரி ஏரியைக் குட்டையாக்கியவர்கள், அடையாற்றங்கரையில் அடுக்குமாடி எழுப்பி அதற்கு ஆற்றோரக் காட்சி என்று கூடுதல் விலை வைத்தவர்கள், வாங்கியவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் 2015-இல் முழங்காலளவு தண்ணீரில் நின்று ஞானம் பெற்றார்கள். ஞானம் பெற்று எழுபது கிலோமீட்டர் ஓடிவந்து அவர்கள் செய்த முதல் வேலை, வரத்துக் கால்வாயின் குறுக்கே சுவர் வைத்தது. கேட்டால் முன்னெச்சரிக்கை என்கிறார்கள்.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. கூவம் எங்கே பிறக்கிறது என்று மனை வாங்கும் யாரும் கேட்பதில்லை. பாலாற்று நீர் காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்ப, அதன் உபரி கொசஸ்தலையாற்றில் சேர்ந்து, தக்கோலத்துக்குப் பக்கத்தில் கேசாவரம் அணைக்கட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பூண்டி ஏரிக்குப் போகிறது. மற்றது கூவம். ஆம், சேத்துப்பட்டில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடப்பீர்களே, அதே கூவம்தான். அதன் வாலுக்குப் பயந்து ஓடிவந்து தலைமாட்டில் பாய் விரித்திருக்கிறீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் வந்த கதையைத் தரகர் சொல்லியிருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அது விற்பனைக்கு உகந்த கதையல்ல.

ஐப்பசி பிறந்தால் தொலைக்காட்சியின் அடிவரியில் தவறாமல் ஓடும் செய்தி, 'அரக்கோணத்திலிருந்து மீட்புப் படை விரைகிறது.' தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இங்கேதான் இருக்கிறது. 2024-இல் வயநாடு சரிந்தபோதும் இங்கிருந்துதான் போனார்கள். ரப்பர் படகும் கயிறுமாக அவர்கள் சென்னைக்குப் போகும் அதே சாலையில், எதிர்த் திசையில் உங்கள் கார் வரப்போகிறது. அவர்களுக்கு வழிவிடுங்கள், அது போதும்.

உள்ளபடியே ஒருமுறை சென்னை அரக்கோணம் வழியாகத் தப்பித்தது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு மீனம்பாக்கம் ஓடுபாதை வெள்ளக்காடாகி, விமான நிலையம் மூடப்பட்டது. எங்கள் ஊர்க் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியைப் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிட்டார்கள். பேருந்துகளில் கூட்டிவந்து ஏற்றி அனுப்பினார்கள். டிக்கெட் இருந்தவர்கள் பறந்தார்கள். இல்லாதவர்கள் ஜாபர்கான்பேட்டை மொட்டை மாடிகளில் உணவுப் பொட்டலத்துக்கு அண்ணாந்து பார்த்தார்கள். ஆற்றின் மேல் ஓடுபாதை போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்ட பிறகு அரசுகள் இரண்டாவது விமான நிலையத்துக்குத் தேர்ந்த இடம் பரந்தூர். ஏரிகளும் நஞ்சையும் நிறைந்த இடம். அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறார்கள். கழனிக்காரன் பேச்சு யாருக்கு வேண்டும்?

ஓட்டத்தில் நமக்கு முன்னோர் உண்டு. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னை அரசு பெட்டி கட்டியது. தலைமைச் செயலகத்தின் அலுவலகங்கள் சித்தூருக்கும் மதனப்பள்ளிக்கும் ஊட்டிக்கும் போயின. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. கோப்புகளுக்கு ரயில் பெட்டி கிடைத்தது. மிருகக்காட்சிச்சாலையின் சிங்கம் புலிகளுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது, தப்பினால் ஆபத்து என்று. ஜப்பான்காரன் அந்த மாதம் சென்னைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சிங்கங்களைக் கொன்றது வெறும் கிலி.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: ஏழைகளையும் அரசு அப்புறப்படுத்துகிறது, அதுவும் நிரந்தரமாக. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அப்பனின் மீன்பாடி வண்டி, அம்மாவின் வீட்டுவேலை எதையும் கேட்காமல், வெள்ள அபாயம் என்று காரணம் சொல்லிப் பெரும்பாக்கத்துக்கும் கூடப்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில்! தண்ணீரிலிருந்து தண்ணீருக்கு. ஆற்றங்கரையில் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். அதே கரையில் பதினைந்து மாடி போட்டவன் வளர்ச்சியாளன். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் ஏறி நின்றதைப் பார்த்தோமே. காரைப் பாலத்தில் ஏற்றி, ஆளைச் சதுப்பில் இறக்கிய ஊர் உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

சரி, நீங்கள் வரத்தான் போகிறீர்கள். பூந்தமல்லியைத் தாண்டவே பொழுது போய்விடும். நாலு சக்கரம் வைத்திருக்கும் எல்லாருக்கும் இதே யோசனைதான் தோன்றியிருக்கும். அரக்கோணத்துக்குள் நுழைந்தால் ரயில் பாதைக்கு அடியில் இரட்டைக்கண் வாராவதி. அது எத்தனை குறுகல், மழையில் எப்படி என்று ஊரில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது நெஞ்சு வலித்தால் இங்கிருக்கும் நாங்கள் என்ன செய்கிறோமோ அதையே செய்யுங்கள்: வேலூருக்கோ, சென்னை பெரியாஸ்பத்திரிக்கோ ஓடுங்கள். சென்னை என்றால் வந்த வழியே.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஹார்ன் அடித்துக்கொண்டே நிற்காதீர்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மற்ற ஊர்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்களைச் சென்னைக்கு வண்டி வண்டியாகக் கூட்டிப்போவது வழக்கம். உங்கள் வீதிச் சகதியை யாராவது வார வேண்டுமல்லவா? நாளைக்கு நாலு காசு கூட வருமென்றால் காவல்காரரும் மின்சார ரயிலேறியிருப்பார். அவர் மனைவி, ஒழுகும் அறையை விட்டுப் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார். ஆகவே சாவியை எந்தக் கல்லுக்கு அடியில் வைப்பது என்பதை மட்டும் இப்போதே அவர்களோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது அவர்களுடைய சம்பள பாக்கியையும் கொடுத்துவிடுங்கள்.