தகைவிலான் காலை உடைத்துப் பணக்காரர் ஆவது எப்படி?

இது கொரியாவில் சோதித்துப் பார்த்த வழி. நோல்பு என்ற அண்ணன்காரன் செய்து காட்டியிருக்கிறான். எல்லோராலும் முடியாது, மற்றவர்களுக்கு இல்லாத குசும்புப் பை ஒன்று அவன் வயிற்றுக்குள் கூடுதலாக இருந்ததாம். அடுத்தவன் தோட்டத்துப் பூசணியில் முளை அடித்துப் பாருங்கள். மனசு குளிர்ந்தால் உங்களுக்கும் இருக்கிறது.

முதலில் அப்பன் சொத்தைச் சுருட்டிக்கொண்டு தம்பி ஹுங்புவைப் பிள்ளைகுட்டிகளோடு வெளியே தள்ளுங்கள். பசி தாங்காமல் வந்து நின்றால் உங்கள் வீட்டுக்காரி சோற்றகப்பையால் கன்னத்தில் ஒன்று வைக்கட்டும். கழுவிவிட்டு அடிப்பது நல்லது. நோல்பு பெண்டாட்டி கழுவாமல் அடித்தாள்; ஒட்டிய பருக்கைகளை வழித்துத் தின்றுவிட்டுத் தம்பி மறு கன்னத்தையும் காட்டினான். வீண் செலவு.

அடுத்தது பறவை. சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் 3ஆம் நாள் தகைவிலான் வரும், ஒன்பதாம் மாதம் 9ஆம் நாள் தெற்கே போய்விடும் என்பது அந்த ஊர் வழக்கு. அதற்குள் காரியம் முடிய வேண்டும். தம்பி வீட்டில் பாம்புக்குப் பயந்து விழுந்த குஞ்சுக்குக் கால் ஒடிந்தது. அவன் கட்டுப் போட்டான். மறு வருஷம் அது சுரை விதை கொண்டுவந்தது. காயை அறுத்தால் அரிசி, பணம், பட்டு, வீடு கட்டத் தச்சர்கள்கூட! உங்கள் வீட்டுப் பாம்பு சோம்பேறியாக இருந்தால் நீங்களே ஒடித்துவிடுங்கள். பிறகு அதே மாதிரி கட்டு. நூலில் கஞ்சத்தனம் கூடாது, முதலீடு.

விதை வரும். பறவை யாருக்கும் பாக்கி வைப்பதில்லை.

காய் முற்றியதும் ரம்பம். நோல்புவின் மேதைமை இங்கேதான். ஒரு காயிலிருந்து எஜமானர் ஒருவர் கிளம்பி, உன் பரம்பரையே என் அடிமை என்று பணம் கேட்டார். கொடுத்தான், அடுத்ததை அறுத்தான். பிச்சைக்காரர் கூட்டம். கொடுத்தான், அறுத்தான். பாடை வந்தது. அப்போதும் அறுத்தான்! பன்சோரி என்ற கொரியப் பாட்டுக்கதைகளில் எஞ்சியிருக்கும் ஐந்தில் இந்தக் கதையும் ஒன்று. ஒரே ஆள், துணைக்கு ஒரு மேளக்காரர், அத்தனை காயையும் பாட்டாலேயே அறுத்துவிடுவார்.

ஒரு பழம்பிரதியில் கடைசிக் காயிலிருந்து மலம் வெள்ளமாகப் பொங்கி வீட்டை மூடுகிறது. பதற வேண்டாம், தம்பி வீடு இருக்கிறது, அவன் சேர்த்துக்கொள்வான். தோண்டி எதை எடுத்துக்கொண்டு போனாலும், அகப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்.