ஆள் போன பிறகு அரங்கேற்றம்

அமெரிக்க இசைக் கம்பெனிகளின் தயாள குணத்தில் சந்தேகம் உள்ளவர்கள் பாடகர் சார்லி ஃபெதர்ஸைக் கேட்டுத் தெளியலாம். 1998-இல் மெம்ஃபிஸில் இறந்துவிட்டார், பதில் சொல்லமாட்டார். கம்பெனிகள் பாடகனிடம் எதிர்பார்க்கும் முதல் தகுதியே அதுதான்.

மிசிசிப்பி கிராமத்தில் பிறந்து, பள்ளியைப் பாதியில் விட்டு, எண்ணெய்க் குழாய் பதித்துப் பிழைத்தவர். 1955-இல் ஸ்டான் கெஸ்லர் என்பவரும் அவரும் எழுதியதாகப் பதிவான பாட்டை எல்விஸ் பாட, அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் போனது. எல்விஸை ஆர்சிஏ கம்பெனி 35,000 டாலர் கொடுத்து மெம்ஃபிஸின் சன் கம்பெனியிடமிருந்து வாங்கிப்போனது. ஃபெதர்ஸ் நின்ற இடத்திலேயே நின்றார். விக்கி, கீச்சிட்டு, திணறித் திணறி அவர் பாடிய 'டங்-டைடு ஜில்' சன்னுக்கு வேண்டாமாம். அதே ஊர் மீட்டியர் கம்பெனி 1956-இல் வெளியிட்டது. பிறகு கிங் கம்பெனி. எதுவும் பட்டியலில் ஏறவில்லை. அன்று வேண்டாம் என்ற அந்த விக்கலைத்தான் இன்று ராக்கபிலி என்ற இசைவகையின் இலக்கணம் என்கிறார்கள்!

அறுபதை நெருங்கும்போது, 1991-இல், எலெக்ட்ரா நான்சச் கம்பெனி அவரைக் 'கண்டுபிடித்தது'. மனிதர் என்ன காட்டிலா ஒளிந்திருந்தார்? அவர் செத்த பிறகு இயக்குநர் டாரன்டினோ 'கில் பில்' படங்கள் இரண்டிலும் அவர் குரலைப் போட்டார். உடனே ரசிக உலகம் புல்லரித்தது. அவருடைய பழைய இசைத்தட்டுகளை ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு எடுக்கிறார்கள். விற்பவனுக்கு லாபம், வாங்குபவனுக்குப் பெருமை. பாடியவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது.

இவர் கதியே இப்படி என்றால், சிறுவயதில் இவருக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்த ஜூனியர் கிம்ப்ரோவின் கதி? அவர் கறுப்பர். முதல் முழு ஆல்பம் வர 1992 ஆனது, வயது அறுபது தாண்டியிருந்தது. அவரும் அதே 1998-இல் போய்விட்டார். இசையின் தொடக்கமும் முடிவும் இவரே என்று ஃபெதர்ஸ் சொன்னதைக் கிம்ப்ரோவின் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். கல்லில் பொறிக்கச் செலவு குறைவு, ராயல்டியும் கிடையாது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1972-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளை டிஜிட்டல் வானொலியில் போட்டால் பணம் தர வேண்டும் என்று 2018-இல் கூட்டரசுச் சட்டம் வந்தது. ஃபெதர்ஸ் செத்து இருபது ஆண்டு. அதுவும் டிஜிட்டலுக்கு மட்டும். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்கள் ஒரு பாட்டை எத்தனை முறை ஒலிபரப்பினாலும், பாடியவருக்குச் சல்லிக்காசு தரவேண்டும் என்று இன்றுவரை சட்டம் இல்லை.