மகனுக்கு ஓரி என்று பெயர் வைப்பது எப்படி?

யாரும் வைக்காத பெயராக இருக்க வேண்டும். மூன்று எழுத்தைத் தாண்டக் கூடாது. தமிழாக இருக்க வேண்டும், ஆனால் பழசாகத் தெரியக் கூடாது. கலிபோர்னியாவில் இருக்கும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாயில் நுழைய வேண்டும். ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கும் நுழைய வேண்டும். ஆண் குழந்தை பிறந்த வீட்டில் பெயர் தேடும் படலம் இந்த நிபந்தனைகளோடுதான் தொடங்குகிறது. எங்கே போய் முடிகிறது என்பதை ஏதாவது ஒரு எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். அத்விக், ரித்விக், ருத்விக், சாத்விக் என்று ஆசிரியை வருகைப் பதிவு எடுக்கும்போது, யார் எதற்கு 'பிரசன்ட் மிஸ்' சொன்னார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது. அத்தனை பேரின் பெற்றோரும் அரிய பெயர் தேடியவர்கள்தான்.

நிஜமாகவே அரிதான ஒரு பெயரை வைத்துப் பார்க்கும் துணிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த வழிகாட்டி. பத்தாயிரம் பெயர் கொண்ட பட்டியல் எதுவும் இதில் இல்லை. ஒரே பெயர். ஓரி.

முதலில், ஏன் ஓரி என்று வீட்டில் கேட்பார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவர் என்று சொல்லுங்கள். மீதி ஆறு பேரை ஏன் விட்டீர்கள் என்று மாமனார் கேட்பார். அதற்கும் தயாராகப் போங்கள். பாரியை ஏற்கெனவே நிறையப் பேர் வைத்துவிட்டார்கள். போதாததற்குச் சென்னையில் அந்தப் பெயரைச் சொன்னால் தாமஸ் பாரி என்ற வெள்ளைக்கார வியாபாரியின் முனைக்குத்தான் பஸ் ஏற்றிவிடுவார்கள். அதியமான் கம்பீரமான பெயர், ஆனால் அரிதில்லை. பேகன் மயிலுக்குப் போர்வை தந்தவர்; இன்று அந்தப் பெயரோடு போனால் பால், தயிர் சாப்பிடாத கோஷ்டியா என்று கேட்பார்கள். நள்ளியை எல்லாரும் நல்லி என்றே எழுதுவார்கள். பையன் வாழ்நாள் முழுவதும் பட்டுப் புடவைக்கும் எலும்புக்கும் இடையே மாட்டிக்கொள்வான். காரி என்றால் கருப்பு. சிவப்பாகப் பிறந்தாலும் தவறு, கருப்பாகப் பிறந்தாலும் தவறு. மிச்சம் ஆய். பொதிய மலையை ஆண்ட ஆய் அண்டிரன் யானை யானையாக வாரி வழங்கியவர். அவ்வளவு பெரிய கொடையாளியின் பெயரை, இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் இன்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் கையில் மக்கோடு ஓடி வருவார்கள். ஆக, ஓரிதான் மிச்சம்.

அடுத்த கேள்வி: பொருள் என்ன? இங்கேதான் கவனம் தேவை. பெயர்ப் புத்தகங்களில் எந்தப் பெயருக்கும் 'வெற்றியாளன்', 'சூரியனைப் போன்றவன்', 'அறிவாளி' என்ற மூன்றில் ஒன்றைப் போட்டுவிடுவது வழக்கம். தமிழ் அகராதிகள் அப்படிக் கருணை காட்டுவதில்லை. ஓரி என்றால் குதிரையின் பிடரிமயிர். ஓரி என்றால் நரி. இந்த இரண்டோடு நிறுத்தினால் பெயர் சூட்டு விழா நடக்காது. ஆகவே மூன்றாவது பொருளை முதலில் சொல்லுங்கள். தேனடையில் தேன் நன்றாக முற்றியதும் அதில் ஏறும் நீல நிறத்துக்கும் ஓரி என்றுதான் பெயர். மலைபடுகடாத்தில் அந்தப் பொருளில் வருகிறது. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளையும் பொருள்களைக் கபிலர் அடுக்குகிற புறநானூற்றுப் பாட்டிலும் (109) வருகிறது. 'முற்றிய தேனின் நிறம்' என்று அழைப்பிதழில் அச்சடித்தால் சம்பந்தி வீட்டார் கண் கலங்குவார்கள். நரியைப் பற்றி அவர்களாக அகராதியைப் பார்த்துக் கேட்டால் ஒழிய நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

பெயரின் பூர்விகம் கொல்லிமலை. இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். அரிய பெயர் வைத்தவருக்கு வாழ்க்கை முழுவதும் வேலையே இந்தக் கதையைச் சொல்வதுதான். வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியாகப் புற்றில் இருந்த உடும்பில் போய்ச் செருகியது என்கிறார் வன்பரணர் (புறநானூறு 152). எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லாதவர்கள் யானையோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது அம்பு இல்லை, அதன் பின்னால் நடப்பது. பாணர் கூட்டம் காட்டில் அவனைப் பார்க்கிறது. மார்பில் சந்தனம், கழுத்தில் ஆரம். வேடனா, தலைவனா என்று புரியவில்லை. யாராக இருந்தாலும் பாடிவிடுவோம் என்று யாழும் முழவும் எடுத்துப் பாடி, முடிவில் 'கோ' என்று சொல்லித் தொழுகிறார்கள். அது தன்னைக் குறிக்கும் பெயர் என்பதால் அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. யானையை வீழ்த்தியவன் பெயரைக் கேட்டு நாணி நிற்கிறான்; பிறகு வேட்டையாடிய இறைச்சியும் கள்ளும் தந்து, மலையில் விளைந்த பொன்னையும் அள்ளிக் கொடுக்கிறான். இன்னொரு பாட்டில், அவனிடம் போன கூத்தர்கள் தின்ற தீனியில் ஆடவும் முடியாமல் பாட்டையும் மறந்துவிட்டார்களாம். 'கொடு' என்று கேட்பது இழிவு, 'இல்லை' என்று மறுப்பது அதைவிட இழிவு என்ற பிரபலமான புறநானூற்றுப் பாட்டை (204) கழைதின் யானையார் பாடியதும் இவனைப் பார்த்துத்தான்.

கதை முடிவை மட்டும் விருந்தினருக்கு ஏற்றபடி சொல்லுங்கள். திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அதாவது வள்ளலைக் கொன்றவனும் வள்ளல். ஏழு பேர் பட்டியலில் இருவரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். குதிரை விஷயமும் உண்டு. காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. எனவே 'இந்தப் பெயர் வேறு யாருக்கும் இல்லை' என்று மார்தட்ட வேண்டாம். அந்தக் காலத்திலேயே ஒரே வாசலில் இரண்டு ஓரி நின்றிருக்கிறார்கள்.

இனி ஜாதகம். நட்சத்திரப் பாதத்துக்குரிய எழுத்துகளில் ஓகாரம் ரோகிணி முதல் பாதத்துக்கு வருகிறது. பையன் அப்போது பிறந்திருந்தால் ஜோசியரே 'பேஷ்' என்பார். ஆனால் ரோகிணியில் ஆண் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் உண்டு. கண்ணனும் கம்சனும் அதற்குச் சாட்சி. காதுகுத்துக்குத் தோடு வாங்க வேண்டியவரும் அவர்தான் என்பதால், முதலில் மச்சானைச் சமாதானப்படுத்திவிட்டுப் பிறகு பெயரைச் சொல்வது நல்லது.

எண் கணிதக்காரரிடம் போனால் காசு போகும். இங்கேயே இலவசமாகப் போட்டுக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் ஓ எழுத்துக்கு 7, ஆருக்கு 2, ஐக்கு 1. மொத்தம் 10, அதாவது 1, சூரியன். இதோடு எழுந்து வந்துவிடுங்கள். நெடிலாக உச்சரிக்க வேண்டுமே என்று இரண்டு ஓ போட்டால் 17, அதாவது 8, சனி. பயந்துபோய் ஓவுக்குப் பக்கத்தில் ஓர் எச் சேர்த்தால் 15, அதாவது 6, சுக்கிரன். சுக்கிரன் வந்ததில் சந்தோஷம்தான், ஆனால் அந்த எழுத்துகளைப் படிப்பவர் 'ஓஹ்ரி' என்பார். அது பஞ்சாபிகளின் குடும்பப் பெயர். பையன் வேலைக்கான நேர்முகத் தேர்வில் நுழைந்ததும் இந்தியில் பேச ஆரம்பிப்பார்கள்.

இன்னும் ஆபத்தான இடம் இனிஷியல். மின்னஞ்சலில் இனிஷியலும் பெயரும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். அப்பா பெயர் சண்முகம் என்றால் பையன் எஸ். ஓரி, அதாவது காலம் முழுக்க எல்லாரிடமும் 'சாரி' கேட்டுக்கொண்டே இருப்பான். துரைசாமி என்றால் டி. ஓரி, கார்ட்டூன் படத்தில் வரும் ஞாபகமறதி மீனின் பெயர் அது. லட்சுமணன் என்றால் எல். ஓரி, படிப்பவர் வாயில் லாரி. கொல்லிமலை இருப்பது நாமக்கல் மாவட்டத்தில் என்பதால் இதைப் பொருத்தம் என்றுகூடச் சொல்லலாம். கந்தசாமி, கணேசன் வகையறாக்கள் தப்பித்தார்கள்.

பிரபலம் எப்படி? வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு இது பிடிக்கும். எபிரேய மொழியில் ஓரி என்றால் 'என் ஒளி'. இஸ்ரேலில் பையன்களுக்குச் சகஜமாக வைக்கிற பெயர். நைஜீரியாவின் யொரூபா மொழியில் தலை என்று பொருள், தலையெழுத்தும் அதில் அடக்கம். டோல்கீனின் 'தி ஹாபிட்' கதையில் வரும் குள்ளர்களில் ஒருவனுக்கும் அதே பெயர். மும்பையில் திரை நட்சத்திரங்களின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தே புகழ்பெற்ற ஓர் ஓரி இருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வல்வில்லைத் தெரியாது, அவரைத் தெரியும். உள்ளூரில் கேட்கப்போகும் கேள்வி வேறு: 'ஒரியாவா? ஒடிசாக்காரங்களா நீங்க?' பதிலுக்கு மேலே சொன்ன யானைக் கதையை எடுத்துவிடுங்கள். உடும்பு வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

இவ்வளவுக்குப் பிறகும் உறுதியாக இருந்தால், ஆடிப் பதினெட்டை ஒட்டி ஒரு நடை கொல்லிமலைக்குப் போய் வாருங்கள். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அரசே வருடா வருடம் வல்வில் ஓரி விழா நடத்துகிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. கைக்குழந்தையோடு போகிறவர்கள் மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளவும்.

பதிவு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கும் ஊருக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆகவே அச்சடிக்கும் முன் கணினித் திரையை ஒரு தரம் உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஓவின் அடியில் சுழி இருக்கிறதா என்று பாருங்கள். சுழி விட்டுப்போனால் ஒரி. திருத்த மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியது நீங்கள்தான்.