நாயகியரின் வீரத்தைத் தையலால் அளத்தல்: ஓர் ஆய்வு

மாயாஜால நாவலில் வரும் இளவரசி வாள் சுழற்றுவாளா, மாடத்தில் நின்று பெருமூச்சு விடுவாளா என்பதை அறிய எண்ணூறு பக்கம் புரட்ட வேண்டியதில்லை. அவள் கையில் ஊசியைக் கொடுத்துப் பார்த்தால் போதும். தையல் கோணினால் வீராங்கனை. நூல் பிடித்தாற்போல் ஓடினால் கல்யாணத்துக்குக் காத்திருப்பவள். இதற்குத் 'தையல்–வாள் எதிர்விகித விதி' என்று பெயர் சூட்டுகிறேன், வேறு யாரும் முன்வராத காரணத்தால்.

மூலச் சான்று, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் வெளியிட்ட 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. அதில் வரும் பிரபு மகள் ஆர்யாவின் முதல் அத்தியாயம் தொடங்குவதே அவளுடைய கோணல்மாணல் தையலில்தான். அக்கா சான்சாவின் பூவேலையோ எல்லோரும் மெச்சும்படி இருக்கிறது. பிறகு அண்ணனாக வளரும் ஜான் ஸ்னோ ஆர்யாவுக்கு ஒல்லியான வாள் ஒன்றைப் பரிசளிக்கிறான். அதன் பெயர் 'ஊசி'. ஆக, ஊசியே வேண்டாம் என்றவளுக்கும் ஊசிதான். நீளம் மட்டும் கூடுதல்.

டோல்கீனின் மாயாஜால நாவலில் (1955) வரும் ஏயோவின் ஆண் வேடத்தில் போர்க்களம் புகுந்து, மெர்ரியின் துணையோடு நாஸ்கூல் எனும் பேய் வீரர்களின் தலைவனையே சாய்த்தவள். அவள் தையல் எப்படி என்று ஆசிரியர் சொல்லாமல் விட்டது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு.

விதியை ஆட்டம் காண வைப்பவள் பிக்சாரின் 'பிரேவ்' (2012) படத்து மெரிடா. வில்லை இழுக்க விடாத இறுக்கமான கவுனின் தையலைத் தெறிக்கவிட்டு அம்பெய்கிறாள். அம்மா பார்த்துப் பார்த்து இழைத்த திரைச்சீலையை வாளால் கிழிக்கிறாள். அதுவரை எல்லாம் விதிப்படிதான். பிறகு ஒரு சாபத்தால் அம்மா கரடியாகிவிட, கிழிந்ததைத் தைத்தால் சாபம் தீரும் என்று நம்பி, பாய்ந்தோடும் குதிரைமேல் உட்கார்ந்தே தைக்கிறாள்! ஓடும் பஸ்ஸில் சட்டைப் பொத்தான் தைத்துப் பார்த்தவர்கள் இதை எந்த வாள்வீச்சுக்கும் மேலாக மதிப்பார்கள்.

இன்னொன்று. இடைக்கால ஐரோப்பியப் போர்வீரர்கள் சங்கிலிக் கவசத்துக்கு அடியில் பல மடிப்புத் துணியை அடுக்கித் தைத்த மெத்தைச் சட்டை போட்டார்கள். வெட்டைக் கவசம் தடுத்தாலும், அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வது அந்தத் துணிதான். தையல் பிரிந்தால் வீரமும் விலாவும் சேர்ந்தே போகும். ஊசியை இளக்காரமாகப் பேசும் நாவலாசிரியர்கள் தங்கள் நாயகிக்கு இதைத் தைத்துக் கொடுத்தது யார் என்று சொல்வதேயில்லை.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவத்தில் (2016) மட்டும் சான்சா, ஜானுக்கு அப்பா போட்டது போலவே ஓநாய்ச் சின்னத்தோடு மேலங்கி செய்து தருகிறாள். அந்தப் பருவம் முடிவதற்குள் வடக்கு நாட்டுப் பிரபுக்கள் அவனை அரசனாக ஏற்றுவிட்டார்கள். ஆர்யா தைத்திருந்தால் ஓநாய் ஆட்டுக்குட்டியாக வந்திருக்கும். அப்போதும் ஏற்றிருப்பார்களா என்பது சந்தேகமே.