குங்குமப்பூ போடாதீங்கண்ணே

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் "குங்குமப்பூ போடாதீங்கண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். "சரிங்க" என்பார். இதை வைத்துக் கடையில் குங்குமப்பூ இருப்பதாக முடிவு கட்டுபவரை என்ன சொல்வது?

லினக்ஸ் கெர்னலைக் கட்டும்போது, கம்பைலருக்கு எந்த ஆப்ஷன் தெரியும் என்று சோதிக்க 'சிசி-ஆப்ஷன்' என்றொரு ஏற்பாடு உண்டு. ஒன்றுமே இல்லாத கோப்பை அந்த ஆப்ஷனோடு கம்பைல் செய்யச் சொல்லும்; பிழை வராவிட்டால் பாஸ். இங்கேதான் ஜிசிசி என்ற கம்பைலர் டீக்கடை அண்ணன் ஆகிறது. எச்சரிக்கையை அணைக்கும் '-டபிள்யூநோ-' என்று தொடங்கி ஏதோ ஒரு உளறலைக் கொடுத்தாலும் வாய் திறக்காது. எச்சரிக்காதே என்கிறார்கள், எச்சரிக்கவில்லை, அவ்வளவுதானே? வேறு ஏதாவது எச்சரிக்கையோ பிழையோ கிளம்பினால்தான் பழைய கணக்கையும் சேர்த்து எடுக்கும்: இப்படியொரு ஆப்ஷனே எனக்குத் தெரியாதே!

கெர்னல்காரர்கள் கண்ட வழி சாமர்த்தியமானது. அணைக்க வேண்டிய எச்சரிக்கையை முதலில் 'போடு' என்று கேட்பது. முகம் சுளிக்காவிட்டால் மட்டுமே 'போடாதே'.

கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் வேறு ரகம். தெரியாத எச்சரிக்கையைத் தெரியாது என்று முணுமுணுத்துவிட்டு, கூடவே பாஸும் போட்டுவிடும். அதற்காகவே எச்சரிக்கையைப் பிழையாக்கும் '-டபிள்யூஎரர்' அந்தச் சோதனைக்குள் உட்கார்ந்திருக்கிறது.