பிரிஜ்ஜுக்குள்ள ஒரு தேயிலை பேக்டரி

போன ஞாயித்துக்கிழமை பறிச்சு வச்ச இலையை இந்தச் சனிக்கிழமை வந்து திறந்து பார்த்துட்டு நின்ன பாரு பேராண்டி, செத்த வீட்டுக்கு வந்தவன்கூட அப்படி நிக்க மாட்டான். கையில டப்பா. டப்பாவுக்குள்ள நனைஞ்ச சாயத்தூள் மாதிரி கறுகறுன்னு ஒண்ணு. உன் சம்சாரம் பிரிஜ் பழுதுன்னா. நீ விதை பழுதுன்ன. உங்க அப்பாயி மட்டும் ஒண்ணும் பேசாம என்னைத் திரும்பிப் பார்த்தா. இந்த வீட்டுல எது கெட்டாலும், எது காணாமப் போனாலும், அவ மொதல்ல பார்க்கிறது என் மூஞ்சியத்தான்.

இலை கறுத்த விசயத்துல நான் நிரபராதி. வேற ஒரு விசயம் இருக்கு, அதைப் பொறவு சொல்றேன்.

நீ அந்த மூணு தொட்டியையும் கொழும்புல இருந்து பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்து, "தாத்தா, பேசில்"னு சொன்னப்ப, என் காது மந்தத்துக்கு "பேசலாம்"னு கேட்டுச்சு. சரி, பேங்குல வேலை செய்யிற புள்ள, லீவு நாள்ல கிழவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம்னு வந்திருக்கான்னு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். நீ தொட்டியைத் தூக்கி அந்தக் கதிரையில வச்ச.

"இத்தாலிச் செடி தாத்தா, பாத்து ஊத்துங்க"ன்னு வேற சொல்லிட்டுப் போன. இத்தாலின்னதும் எனக்கும் ஒரு மரியாதை வந்துருச்சு. மறுநாள் சாரத்தை அவுத்துட்டு களிசான் மாட்டிக்கிட்டுத்தான் தண்ணி ஊத்தப் போனேன். ஒரு இலையைக் கிள்ளி மோந்தேன் பாரு, சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அட, நம்ம திருநீத்துப்பச்சை! என் ஆத்தா கனகாம்பரத்தோட சேத்துக் கட்டித் தலையில வச்ச பச்சை. வீட்டுக்கு வீடு மணமும் இலையும் கொஞ்சம் மாறும், சாதி ஒண்ணுதான். ஆசியா, ஆபிரிக்கா வெக்கையில பொறந்த செடி கப்பலேறிப் போயி, பேரை மாத்திக்கிட்டு, உறையில படம் எல்லாம் போட்டுக்கிட்டு நம்ம வாசலுக்கே திரும்பி வந்து நிக்குது. அந்தப் பேருக்குக் கிரேக்கத்துல ராசா சம்பந்தம்னு அர்த்தமாம். 1753ல லின்னேயஸ்ங்கிற சுவீடன்காரர் அதையே புத்தகத்துல ஏத்திட்டாரு. ராசாதான், ஆனா குளிர் தாங்காத ராசா. அதுதான் உன் டப்பாவுல நடந்த கூத்து.

இதோட விதையும் உனக்குத் தெரிஞ்சதுதான். கண்டி டவுன்ல பலூடா குடிக்கையில தொண்டையில வழுக்கிட்டுப் போகுதே, மீன் முட்டை மாதிரி, அதுதான். நாம அதைக் கசகசாங்கிறோம். அக்கரையில கசகசான்னா வேற, அது குருமாவுக்கு அரைக்கிற அபின் செடி விதை. இதை அவங்க சப்ஜாம்பாங்க. 1964ல சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டுப் பிரிச்சதுல, தலைமன்னார்ல கப்பலேறித் திருச்சிப் பக்கம் போன என் தங்கச்சி, வெகு காலம் கழிச்சு ஒரு தடவை இங்க வந்தா. "அண்ணே, இன்னைக்கு நம்ம ஊரு குருமா வைக்கிறேன்"னு கடையில கசகசா வாங்கி ஊறப்போட்டா. கால் மணி நேரத்துல சட்டி நிறையத் தவளை முட்டை! பத்து நிமிசம் ஒண்ணும் சொல்லாம அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. பொறவு, "நான் போன பொறவு உங்க ஊருல சாமான் எல்லாம் உசுரு வந்திருச்சாண்ணே?"ன்னு கேட்டா. ரெண்டு நாட்டு அரசாங்கமும் ஆளைப் பிரிச்சாங்களே, சொல்லையும் பிரிச்சு ஒரு பட்டியல் குடுத்திருக்கலாம். அந்தக் குருமாவை நாங்க சீனி போட்டுக் குடிச்சோம்.

சரி, உன் கறுத்த இலைக்கு வர்றேன்.

நான் முப்பது வருசம் பேக்டரியில கொழுந்தோட மல்லுக்கட்டினவன். இதே கண்டிச் சீமையில, லூல்கந்துரவுல, 1867ல ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர்ல தேயிலையைப் போட்டு, பங்களா வராந்தா மேசையில வச்சுக் கையால உருட்டினாரு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த மலையில நாங்க பார்த்த வேலை என்ன? பச்சை இலையைக் கறுப்பாக்குறது. அம்புட்டுத்தான். இலைக்குள்ள ஒரு சாறு இருக்கு, வேற அறையில ஒரு நொதியம் இருக்கு. டீமேக்கர் ஐயா அதுக்கு வாயில நுழையாத பேரு ஒண்ணு சொல்லுவாரு, பொலிபீனோல் ஒக்சிடேஸ். ஒரே வீட்டுல நடுவுல சுவரு வச்சுப் பிரிஞ்சிருக்கிற அண்ணன் தம்பின்னு வச்சுக்க. சுவரு நிக்கிற வரைக்கும் சண்டை இல்லை. ரோலர்ல போட்டு உருட்டினா சுவரு இடியுது, காத்து உள்ள பூந்து மூட்டிவிடுது, இலை சிவந்து கறுக்குது. நாலரைக் கிலோ கொழுந்து போனா ஒரு கிலோ தூள் வரும். அந்தக் கறுப்புக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

உன் பேசில்லயும் அதே மாதிரி சாறு, அதே மாதிரி நொதியம். அங்க சுவரை இடிக்க ரோலர் வேணாம், குளிரே போதும். 12 பாகைக்குக் கீழ போனாலே அந்த இலைக்கு ஆகாது. உன் பிரிஜ்ஜுக்குள்ள இருக்கிறது 4 பாகை. கம்பளிகூட இல்லாம அதை நுவரெலியா பஸ்ஸுல ஏத்தி, தை மாசம் உறைபனி விழுகிற புல்லுல ஆறு நாள் படுக்கப் போட்டிருக்க. போதாததுக்கு ஈரத்தோட அமுக்கி மூடியிருக்க. கொழுந்தைச் சாக்குல திணிச்சுக் கொண்டாந்தா சூடேறிச் சிவந்துரும்னு நிறுவைக்காரன் கத்துவான். உன்னைப் பார்த்துக் கத்த ஆள் இல்லை. சுருக்கமாச் சொன்னா, சம்பளம் இல்லாம, கரண்ட் பில்லும் நீயே கட்டி, ஒரு தேயிலை பேக்டரி நடத்தியிருக்க. ஹந்தானையில 1925ல கட்டின பேக்டரியைத் தேயிலை மியூசியமாக்கி டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. உன் டப்பாவையும் கொண்டுபோய் ஒரு மூலையில வைக்கச் சொல்லு.

இனி செய்யிற வழியைக் கேளு. காலையில பனி காஞ்ச பொறவு பற. இலை இலையா உருவாத, கோழிக்கு மயிரு பிடுங்குற மாதிரி. தண்டோட வெட்டு, ரெண்டு இலை எதிரெதிராப் பிரியிற கணுவுக்குக் கொஞ்சம் மேல. வெட்டின இடத்துல ரெண்டு கொப்பு வரும். உங்க அப்பாயி மலையில ரெண்டு இலையும் மொட்டும் கிள்ளினவ, அவகிட்டக் கேட்டா விரல்லயே காட்டுவா. பூ முளை கண்டா இரக்கம் பார்க்காம கிள்ளு. பூத்துட்டா செடிக்கு இலை மேல இருந்த பாசம் போயிரும், கல்யாணம் கட்டினவன் மாதிரி. நான் யாரையும் சொல்லல.

வெட்டினதைக் கழுவாத. கீழ் இலையைக் கழிச்சுட்டு, ஒரு கிளாஸ்ல ரெண்டு விரக்கடை தண்ணி ஊத்தி, பூங்கொத்து மாதிரி நிறுத்தி, வெயில் படாத மேசையில வை. தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்து. நம்ம கட்டுகஸ்தோட்டைக் காத்துக்கு ஒரு வாரம் தாராளமா நிக்கும், சமையலுக்கு எடுக்கிறப்ப மட்டும் கழுவிக்க. வாழைச்சீப்புக்குப் பக்கத்துல மட்டும் வச்சுராத. பழுக்கிற பழம் எத்திலீன்னு ஒரு வாயு விடும். அது தான் பழுக்கிறது போதாதுன்னு பக்கத்துல நிக்கிற இலையையும் மஞ்சளாக்கிரும். சில சொந்தக்காரங்க இருக்காங்க அப்படி.

மாசக்கணக்குல வேணும்னா அண்ணன் தம்பில ஒருத்தனைக் காலி பண்ணணும். கொதிக்கிற தண்ணியில 10 செக்கன் முக்கு, உடனே ஐஸ் தண்ணியில போடு. நொதியம் செத்துச்சு, இனிக் கறுக்காது. ஜப்பான்காரன் தேயிலையை ஆவியில காட்டிப் பச்சையாவே வச்சுக்கிறதும் இந்தச் சூட்சுமம்தான். தண்ணியைப் பிழிஞ்சுட்டு, எண்ணெய் விட்டு அரைச்சு, ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வை. தேங்காய் எண்ணெயில அரைச்சா சம்பலுக்கு ஆகும், உன் இத்தாலிச் சாப்பாட்டுக்கு ஆகாது. அது என் தலைவலி இல்லை. ஆனா ஒண்ணு, ஐஸ் தட்டை நம்பி வருசத்துக்கும் சேத்து வைக்காத. 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போச்சே, மறந்துட்டியா? அந்த மாசம் நம்ம பிரிஜ் ஒரு அலுமாரி. நான் அதுக்குள்ள சாரம் மடிச்சு வச்சேன்.

அரைச்சதை எண்ணெய்க்குள்ள முக்கிப் போத்தல்ல போட்டு, அழகா இருக்குன்னு ஜன்னல் ஓரத்துல வைக்க உன் சம்சாரம் யோசிக்கிறதாக் கேள்வி. இதுல மட்டும் நான் விளையாடல. எண்ணெய்க்குள்ள காத்துப் போகாது. காத்தில்லாத இடத்துலதான் பொட்டுலிசம் உண்டாக்கிற கிருமி வளரும். அது மணத்துலயும் காட்டாது, நிறத்துலயும் காட்டாது, ஆளைப் படுக்கப் போட்ட பொறவுதான் தெரியும். எண்ணெயில போட்டா பிரிஜ்ஜுல வை, 3 நாள், மிஞ்சினா 4 நாளுக்குள்ள முடி. மீனுக்கு ஜாடி போடுற மாதிரி உப்பு ஒரு அடுக்கு, இலை ஒரு அடுக்குன்னும் வைக்கலாம். அப்ப கறிக்கு உப்புப் போடுறப்ப ஞாபகம் இருக்கணும். எனக்கு இருக்காது.

காயப்போடுறதைப் பத்திக் கேக்காத. கேட்டுட்ட, அதனால சொல்றேன். ஐப்பசியில ஒரு தடவை, நான் வாட்டு மாடியில வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாத காச்சலான்னு ஒரு கட்டு பச்சையை அடுப்பாங்கரையில தொங்கவிட்டேன். வெளியில அந்த மழை. மகாவலி செங்காமட்டைக் கலர்ல பாலத்துக்குக் கீழ ஓடுது. அடுப்பாங்கரைச் சுவரே வேர்க்குது. அஞ்சாம் நாள் கட்டைப் பிரிச்சா, நரைச்ச தாடி. பூஞ்சணம்! உங்க அப்பாயி அதைக் கையில எடுத்து என் தாடையோட ஒப்பு வச்சுப் பார்த்து, "ஒரே வயசுதான்"னா. நிழல்ல, காத்து ஓடுற இடத்துல, மாசி வெயில் காலத்துல காயவச்சா ஓரளவுக்கு வரும். அதுலயும் பாதி மணம் போயி வைக்கோல் வாசம் நிக்கும். மாடு விரும்பும்.

இப்ப அந்த விசயம்.

அந்தக் கிளாஸ்ல நிறுத்துற தண்டு இருக்கே, அதை மறந்து பத்து நாள் விட்டா, அடியில வெள்ளையா மீசை முளைக்கும். வேரு. அதை எடுத்து மண்ணுல வச்சா புதுச் செடி. நான் அடிக்கடி மறந்துட்டேன். நீ ஞாயித்துக்கிழமை பஸ் ஏறினதும் உன் தொட்டியில இருந்து ரெண்டு தண்டு, அடுத்த வாரம் மூணு தண்டு. கிணத்தடிக்குப் பின்னால, உன் செருப்பு போகாத பக்கமா, இப்ப பதினாலு செடி நிக்குது. உன் மூணாவது தொட்டி ஏன் வழுக்கையா இருக்குன்னு போன மாசம் கேட்டியே, ஆத்துக் காத்துன்னு சொன்னேன். காத்து இல்லை.

ஆத்தோரத்துல வெள்ளைக்காரங்க தங்குற கெஸ்ட் ஹவுஸ் ஒண்ணுல குசினிக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான். நல்ல புள்ள, மரியாதை தெரிஞ்ச புள்ள. கொழும்புல இருந்து வர்ற இலை ஐஸ் லொறியில கறுத்துப்போயி வருதுன்னு ஒரு நாள் அழுதான். நான் அவனுக்கு அண்ணன் தம்பிக் கதையைச் சொன்னேன். இப்ப செவ்வாயும் வெள்ளியும் சைக்கிள்ல வந்து, தண்டோட ரெண்டு கட்டு வாங்கிட்டுப் போறான், ஈரத் துணியில சுத்தி. காசு நான் வாங்கிறதில்லை, பேரன் வச்ச செடிக்குக் காசு வாங்குறது பாவம். அவன் ஒரு பார்சல் குடுக்கிறான், அவ்வளவுதான்.

எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னு டாக்டர் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உங்க அப்பாயிக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. அதனால நீ அடுத்த தடவை வெள்ளிக்கிழமையே லீவு போட்டுட்டு வா, அவ கோயிலுக்குப் போற நேரமாப் பார்த்து. கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி செடியைக் காட்டுறேன், பார்சல்லயும் பாதி உனக்கு. உனக்குக் கட்லட்டா, ரோல்ஸா?